பழைய மடிக்கணினியைத் திறந்து புதுப்பிப்பது பயன் தருமா? திங்க்பேட் டி430-ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2012ஆம் ஆண்டில் வெளிவந்த லெனோவா நிறுவனத்தின் திங்க்பேட் டி430 மடிக்கணினி இன்றும் பலருடைய மேசைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துவிட்டுப் பிறகு பழுதுபார்த்து விற்கப்பட்ட கணினியாக அது மாணவர்களின் கைக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே எதையாவது மாற்றினால் இது இன்னும் சில ஆண்டுகள் ஓடுமா, அல்லது அந்தப் பணத்தை வேறு கணினிக்காகச் சேர்த்துவைப்பது நல்லதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேமிப்பகம் (வட்டு), நினைவகம் (ராம்) ஆகிய இரண்டை மாற்றுவது பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் செலவழித்த பணத்துக்கு மேலான பயனைத் தரும். தூசியை நீக்கிச் சூட்டைக் குறைப்பது ஏறத்தாழச் செலவே இல்லாத மூன்றாவது வேலை. செயலி, திரை, வைஃபை அட்டை ஆகியவற்றை மாற்றுவது தனித்தேவை உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆனால் இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடக் கூடாது. உங்கள் கணினி எங்கே திணறுகிறது என்பதை அளந்து பார்த்த பிறகே எதையும் வாங்க வேண்டும்.

டி430-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நினைவகம், சேமிப்பகம், செயலி, மின்கலம், குறுவட்டு இயக்கி என எல்லாவற்றையும் கழற்றக்கூடிய வகையில் அமைந்த கணினி அது. அதிலேயே சில கதவுகள் மூடியிருக்கின்றன என்றால், பிற கணினிகளில் எவை மூடியிருக்கும் என்பதை எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

முதற்படி: எங்கே காத்திருக்கிறோம் என்று கண்டறிதல்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறனைக் காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைகளை வழக்கம்போலச் செய்யுங்கள். கணினியைத் தொடங்கிய முதல் பத்து நிமிடங்கள், உலாவியில் பத்துப் பதினைந்து தாவல்கள் திறந்திருக்கும் நேரம், ஒரு காணொளி ஓடும் நேரம் ஆகிய மூன்று வேளைகளிலும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டில் நிற்க, செயலி 10, 20 விழுக்காட்டில் சும்மா இருந்தால், குறை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இது ஏன் என்பதை எளிய கணக்கில் புரிந்துகொள்ளலாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டு ஒருமுறை சுழல 11 மில்லிவிநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும். தேவையான தரவு படிப்பு முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை உரிய தடத்துக்கு நகரவும் வேண்டும். இரண்டையும் கூட்டினால், வட்டின் வெவ்வேறு இடங்களில் சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத் தர இயலாது. இயங்குதளம் தொடங்கும்போது படிக்கப்படுபவை பெரும்பாலும் இத்தகைய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளே. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். பழைய கணினி திடீரென்று புதியதுபோல நடந்துகொள்வதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

நினைவகப் பயன்பாடு 85, 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை என்று பொருள். ராம் நிரம்பியதும் இயங்குதளம் எஞ்சியதை வட்டுக்குத் தள்ளுவதால், இந்தக் குறை வட்டின் குறைபோலவும் தோன்றும். ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். செயலி மட்டும் நெடுநேரம் 100 விழுக்காட்டில் நின்றால், அதற்கு மலிவான மருந்து பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் சூட்டையும் பாருங்கள்: ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலை 90 பாகையைத் தாண்டிக்கொண்டிருந்தால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டாம் படி: உச்சவரம்பை அறிதல்

வாங்குவதற்கு முன் கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டிலிருந்து மாதிரி எண்ணை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளமைப்பு வேறாக இருப்பதுண்டு. அலுவலகப் பயன்பாட்டுக்கென விற்கப்பட்ட மாதிரிகள் பலவற்றுக்கு, திருகு எங்கே இருக்கிறது என்பது வரை படத்துடன் விளக்கும் பராமரிப்புக் கையேட்டை உற்பத்தியாளரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார். காணொளிகளைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கையேட்டைப் படியுங்கள்; எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பது அதில்தான் பிழையின்றி இருக்கும்.

பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது, நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பது. டி430-இல் கழற்றிமாற்றக்கூடிய இரண்டு ராம் செருகிகள் உள்ளன. செருகிக்கு 8 ஜிபி வீதம் 16 ஜிபி வரை ஏற்கும். அதே 2012இல் அதே நிறுவனம் வெளியிட்ட மெல்லிய எக்ஸ்1 கார்பன் கணினியில் ராம் பற்றவைக்கப்பட்டுவிட்டது. வாங்கிய நாளில் 4 ஜிபி என்றால் கடைசிநாள் வரை 4 ஜிபிதான். எனவே கணினி எவ்வளவு பழையது என்பதைவிட, அது எவ்வளவு மெல்லியது என்பதே பல வேளைகளில் மாற்றத்துக்கு எல்லை வகுக்கிறது.

சேமிப்பகத்தில் மூன்று வடிவங்கள் காணப்படும். பழையவற்றில் சாட்டா என்னும் இணைப்பு முறையில் இயங்கும் 2.5 அங்குல வட்டு, டி430 காலத்துக் கணினிகள் சிலவற்றில் கூடுதலாகச் சிறிய எம்சாட்டா செருகி, பிற்காலத்தவற்றில் எம்.2 செருகி. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். அதே வடிவில் சாட்டா முறையில் இயங்குபவையும் அதைவிட வேகமான என்விஎம்இ முறையில் இயங்குபவையும் உள்ளன. செருகி ஒன்றை மட்டுமே ஏற்பதாக இருந்தால், மற்றதை வாங்கியது வீண்செலவு.

மூன்றாம் படி: திறப்பதற்கு முன்

கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள் என்று உண்மையான அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன். வட்டை மறையாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவையுங்கள்.

சார்ஜரைப் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்றி, மின்விசையைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். மின்கலம் உள்ளேயே இருக்கும் கணினிகளில், அடிமூடியைத் திறந்தவுடன் செய்யும் முதல் வேலை மின்கலத்தின் இணைப்பைப் பிரிப்பதாக இருக்கட்டும். கம்பளத்தின்மேல் அல்லாமல் மரமேசையில் வேலை செய்யுங்கள். உலோகம் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்ட பிறகு உள்ளே கை வையுங்கள். திருகின் தலைக்குப் பொருந்தும் அளவிலான நட்சத்திரத் திருப்புளி தேவை. பொருந்தாத திருப்புளியால் தலை மழுங்கிவிட்டால் அந்த ஒரு திருகே அரைநாள் வேலையாகிவிடும். கழற்றும் திருகுகளை, கணினியின் அடிப்பக்கத்தை வரைந்த தாள் ஒன்றில் அந்தந்த இடத்தில் ஒட்டிவைப்பது என் வழக்கம். நீளமான திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கினால் மதர்போர்டு வரை இறங்கிச் சேதம் செய்துவிடும்.

நான்காம் படி: எஸ்எஸ்டி

டி430-இல் வட்டை மாற்றுவதற்குக் கணினியைப் பிரிக்கவே வேண்டியதில்லை. அடியில் ஒரு திருகைத் தளர்த்தி, பக்கவாட்டு மூடியை நகர்த்தி, பட்டையைப் பிடித்து இழுத்தால் பழைய வட்டு வெளியே வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் தாங்கிகளைக் கழற்றிப் புதிய எஸ்எஸ்டிக்கு மாட்டி, அதே பாதையில் உள்ளே தள்ள வேண்டும். வேறு மாதிரிகளில் முழு அடிமூடியையும் திறக்க வேண்டியிருக்கலாம். பழைய வட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் புதியது 7 மில்லிமீட்டராகவும் இருந்தால், ஆட்டம் காணாமல் இருக்க ஒரு சட்டம் தேவைப்படும்.

டி430-இன் முதன்மை வட்டிடம் 6 ஜிகாபிட் சாட்டா; நடைமுறையில் விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை கிடைக்கும். அதன் எம்சாட்டா செருகி 3 ஜிகாபிட் மட்டுமே என்பதால் அதில் வேகம் பாதியாகும். ஆயினும் அன்றாடப் பயன்பாட்டில் அந்தப் பாதி பெரிதாகத் தெரியாது. முன்பு சொன்ன காத்திருப்பு நேரம் இரண்டிலுமே மறைந்துவிடுகிறது. இதே காரணத்தால், விநாடிக்கு 3500 எம்பி தரும் என்விஎம்இ வட்டு தன் கணினியில் பொருந்தவில்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரணச் சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதுதான் பெரிய தாவல்.

வாங்கும்போது பெயர் தெரியாத மலிவுப் பொருளைத் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை நான் அப்படி வாங்கிய 480 ஜிபி எஸ்எஸ்டி, சில பத்து ஜிபி எழுதிய பிறகு பழைய வட்டைவிடவும் மெதுவானது. கடைக்காரர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து, புதிய வட்டு எதுவானாலும் அதன் முழுக் கொள்ளளவும் உண்மைதானா என்று ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற கருவியால் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே பயன்படுத்துகிறேன். எழுதும் ஆயுளை நிறுவனம் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரும் அளவு அது. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சம் வீட்டுப் பயன்பாட்டில் தேவையற்றது.

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதா, பழையதை அப்படியே நகலெடுப்பதா என்ற கேள்வி அடுத்து வரும். பல ஆண்டுக் குப்பை சேர்ந்த கணினி என்றால் புதிதாக நிறுவுவதே நல்லது. நகலெடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் குளோன்சில்லா என்னும் இலவசக் கருவி உதவும். அதன் இயல்பான முறையில் புதிய வட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பழைய இயங்குதளம் லெகசி என்னும் பழைய தொடக்க முறையில் நிறுவப்பட்டதா, யூஇஎஃப்ஐ என்னும் புதிய முறையிலா என்பதைப் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலில்) பார்த்து அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். நகல் சரியாக இருந்தும் கணினி தொடங்க மறுப்பதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே பழுதடையத் தொடங்கியிருந்தால் நகலெடுக்க முயலாதீர்கள். தேவையான கோப்புகளை மட்டும் முதலில் மீட்டெடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: நினைவகம்

டி430-க்குத் தேவை 204 முனைகள் கொண்ட மடிக்கணினி வகை டிடிஆர்3 ராம். 260 முனைகள் கொண்ட டிடிஆர்4 அதில் நுழையாது. வெட்டுக்குறி வேறிடத்தில் இருப்பதால், நுழையவில்லை என்றால் அழுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். டிடிஆர்3-இலும் 1.5 வோல்ட்டில் இயங்குவதும், டிடிஆர்3எல் எனப்படும் 1.35 வோல்ட் வகையும் உண்டு. டி430 இரண்டையும் ஏற்கும். அடுத்த தலைமுறையில் மெல்லிய கணினிகளுக்காக வந்த குறைமின் செயலிகளுக்கு 1.35 வோல்ட் வகை மட்டுமே பொருந்தும் என்பதால், ஐயம் இருந்தால் டிடிஆர்3எல் வாங்குவதே பாதுகாப்பானது.

எவ்வளவு போதும்? உலாவி, அலுவலகக் கோப்புகள், இணையவழி வகுப்பு ஆகியவற்றுக்கு 8 ஜிபி போதும். ஒரே நேரத்தில் பல கனமான நிரல்களையோ மெய்நிகர் கணினிகளையோ இயக்குபவர்கள் 16 ஜிபிக்குச் செல்லலாம். ஒரே 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி சிறந்தது. தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில் திரைக்கான நினைவகமும் ராமிலிருந்தே எடுக்கப்படுவதால், இரு தடங்களில் தரவு செல்வது அங்கே நன்றாகவே பயன்படும். ராமைச் சாய்வாக நுழைத்து, பொன்னிற முனைகள் ஏறத்தாழ மறைந்த பிறகு கீழே அழுத்தினால் இருபுறப் பிடிகளும் சொடக்கொலியுடன் பூட்டிக்கொள்ளும். அதன்பின் மெம்டெஸ்ட்86+ கருவியை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பழைய ராம் வாங்கியவர்களுக்கு இச்சோதனை கட்டாயம். பழுதான ராம் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகமே இருந்தது. அவற்றில் எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் சேர்த்து லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் இலகுவான பதிப்பை நிறுவினால், ஒரு பிள்ளை தட்டச்சு பழகவும் நிரலெழுதக் கற்கவும் போதுமான கருவியாகிவிடும். ஒவ்வோராண்டும் மாதிரி மாறியது என்பதால் அடிச்சீட்டைப் பார்த்தே ராம் வாங்க வேண்டும். ஒரு செய்தி: 32 பிட் விண்டோஸ் இருக்கும்வரை 4 ஜிபிக்கு மேல் சேர்த்த ராம் பயன்படாது, 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

ஆறாம் படி: தூசியும் சூடும்

பத்தாண்டு பழைய கணினியின் வெப்பக்கடத்திச் செதில்களில் தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். டி430-இல் விசைப்பலகையையும் மேற்பலகையையும் கழற்றிய பிறகே விசிறியை எடுக்க முடியும் என்பதால், இது முந்தைய இரண்டு வேலைகளைவிடக் கடினமானது. விசிறி இறகுகளைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைக்க வேண்டும். செயலிமேல் காய்ந்துபோன பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் நீக்கிவிட்டு, பட்டாணியைவிடச் சிறிய அளவில் புதிய தெர்மல் பேஸ்ட் இட்டு, வெப்பக்கடத்தியின் திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். பட்டைக் கம்பிகளின் இணைப்பிகளை இழுத்துவிடாமல், பூட்டைத் திறந்த பிறகே எடுங்கள். கை நடுங்கும் என்றால் இதை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதில் தவறேதுமில்லை.

செயலி, வைஃபை, மின்கலம், திரை

டி430-இன் செயலி செருகியில் அமர்ந்திருப்பது. இரண்டு உள்ளகங்கள் (கோர்) கொண்ட ஐ5-3320எம் செயலியை எடுத்துவிட்டு, நான்கு உள்ளகங்கள் கொண்ட ஐ7-3632கியூஎம் செயலியைப் பொருத்தலாம். இரண்டின் வெப்ப அளவும் 35 வாட் என்பதால் விசிறி தாங்கும். காணொளித் தொகுப்பு போன்ற வேலைகளில் வேறுபாடு தெரியும். உலாவிக்கும் எழுத்துவேலைக்கும் அது தெரியாது. ஏனெனில் அவற்றின் வேகம் தனி உள்ளகத்தின் திறனைப் பொறுத்தது, அது ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெலின் மடிக்கணினிச் செயலிகள் யாவும் பற்றவைக்கப்பட்டே வருவதால், பின்வந்த கணினிகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

வைஃபை அட்டையை மாற்றுவது எளிது போலத் தோன்றும். ஆனால் டி430-இன் பயாஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத அட்டையைச் செருகினால் 1802 என்ற பிழையைக் காட்டி, கணினி தொடங்கவே மறுத்துவிடும். பயாஸை மாற்றி எழுதும் வழிகள் இருந்தாலும், தவறினால் மதர்போர்டே போய்விடும் என்பதால், யூஎஸ்பி 3.0 துளையில் செருகும் வைஃபை கருவியையே பரிந்துரைக்கிறேன். மின்கலத்திலும் இதே தடை உண்டு: உற்பத்தியாளர் ஏற்காத பிற நிறுவன மின்கலத்தை இந்தத் தலைமுறைக் கணினி சார்ஜ் செய்வதில்லை. திரையைப் பொறுத்தவரை 1366க்கு 768 புள்ளிகள் கொண்டதை 1600க்கு 900 ஆக மாற்றலாம். நாள் முழுவதும் படிப்பவர்களுக்கு மட்டும் அது தகும்.

எந்தப் பாகமும் தீர்க்காத குறைகள்

யூடியூப் காணொளிகள் பெருமளவு விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களில் வருகின்றன. டி430-இல் உள்ள இன்டெல் ஹெச்டி 4000 வரைகலைப் பகுதி ஹெச்.264 போன்ற பழைய வடிவங்களை மட்டுமே தானாக விரித்துக்காட்டும். விபி9, ஏவி1 இரண்டையும் செயலிதான் சுமக்க வேண்டியிருப்பதால் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். ஹெச்.264 வடிவத்தையே கேட்டுப்பெறும் உலாவி நீட்சியை நிறுவினால் 1080பி வரை இந்தச் சுமை இறங்கும்.

இயங்குதளம் இதைவிடப் பெரிய கேள்வி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிப்பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் தேவை. டி430-இல் இருப்பவை டிபிஎம் 1.2-உம் மூன்றாம் தலைமுறைச் செயலியும். கட்டுப்பாட்டைச் சுற்றிச்சென்று நிறுவும் வழிகள் உள்ளன. ஆயினும், புதுப்பிப்பு எந்நாளும் நின்றுபோகக்கூடிய ஓர் அமைப்பில் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. லினக்ஸ் மின்ட் இக்கணினியில் நன்றாக ஓடும். தமிழ்99 விசைப்பலகை முறையும் அதில் கிடைக்கும். நீங்கள் சார்ந்திருக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டும் இயங்குவதாக இருந்தால், பழைய கணினிக்குப் பணம் செலவழிப்பதை இங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

பணக் கணக்கு

எஸ்எஸ்டி, ராம், தெர்மல் பேஸ்ட், தேவையானால் மின்கலம் ஆகியவற்றின் விலையை ஒரு தாளில் கூட்டுங்கள். அதன் பக்கத்தில், எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட, புதுப்பித்து விற்கப்படும் மடிக்கணினியின் விலையை எழுதுங்கள். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் நான்கைந்து கடைகளில் கேட்டாலே ஒரு மதிப்பு கிடைத்துவிடும். முதல் தொகை இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பாதியைத் தாண்டினால் மாற்றாதீர்கள். கீல் உடைந்திருந்தாலோ, மதர்போர்டில் ஏற்கெனவே பழுதுபார்த்த தடம் இருந்தாலோ, மின்கலம் உப்பியிருந்தாலோ தொகை குறைவாக இருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். உப்பிய மின்கலம் உள்ள கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்போகாது, 2.5 அங்குல வட்டை நாளை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம், சிறு பெட்டியில் இட்டு வெளிவட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். டிடிஆர்3 ராமுக்கு அத்தகைய மறுவாழ்வு குறைவு என்பதால், அதைத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் முதற்படியில் குறித்த அதே மூன்று வேளைகளில் மறுபடி அளந்து, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். விட்டுப்போன கோப்பு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் அதன் உடல்நிலையைச் சோதித்து, பழுதானதால் மாற்றியமைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை சுழியாக இருந்தால் யூஎஸ்பி பெட்டியில் இட்டு வாராந்திர நகலுக்குப் பயன்படுத்துங்கள்.